உடல் மெலிவும் உள்ளத்து நோயும்



நெடுநாள் காணாத ஒருவரைக் கண்டால், குசலம் விசாரிப்பதற்கு முன்பே அவருடைய உடம்பைக் கண்ணால் அளந்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. “என்ன, இப்படி மெலிந்துவிட்டீர்கள்?” என்பது ஒரு வகை வரவேற்பு. “நன்றாகச் சதை வைத்துவிட்டதே!” என்பது மற்றொரு வகை. கேட்பவர் அன்பினால்தான் கேட்கிறார். ஆனால், அந்தக் கேள்வி எங்கே சென்று நிற்கவேண்டுமோ அங்கே போகாமல் பாதிவழியில் நின்றுவிடுகிறது. உடம்பு மெலிந்ததைக் காணும் நாம் உள்ளம் மெலிந்ததைக் காண்பதில்லை; கண்டாலும் அதற்குப் பெயர் சொல்ல அஞ்சுகிறோம். இந்த அச்சத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவுக்குச் செல்லும் பாதையில் கொடகவெல என்றோர் ஊர் இருக்கிறது. ஒருபுறம் இறக்குவானை மலைகள். மறுபுறம் நிலம் படிப்படியாகத் தாழ்ந்து உடவளவைச் சமவெளியை நோக்கிச் செல்கிறது. தேயிலையும் றப்பரும் அடுத்தடுத்து விளையும் பகுதி அது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோட்டத்து லயங்கள் காணப்படும். அத்தகைய லயம் ஒன்றுக்கு, மணமாகிச் சென்ற பெண் முதன்முறை தாய்வீடு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் அமர்ந்திருக்கும் கிழவி அவளுடைய முகத்தைப் பார்க்குமுன் மணிக்கட்டைப் பார்ப்பாள். “என்னடி பிள்ளை, இப்பிடி வத்திப் போயிட்ட? அங்க ஏதும் கொறையா?” என்பாள். வளையல் இறுக்கமாக இருந்தால் தாய்க்கு நிம்மதி. தளர்ந்திருந்தால் தாய்க்கு அன்றிரவு உறக்கம் இல்லை.

தோட்டத்து மக்கள் உடலின் எடையை இவ்வளவு கூர்ந்து நோக்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய வாழ்வே தராசின்மேல் நிற்பது. பறித்த கொழுந்தை நிறுத்த பிறகுதான் அன்றைக்கு முழுப்பேரா, அரைப்பேரா என்பது தெரியும். வயிற்றின் கதையும் அப்படியே. 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அதன் கொடுமையைத் தோட்டங்களே மிகுதியாகத் தாங்கின. அரிசியும் கோதுமை மாவும் அருகின. தோட்டங்களில் இறப்பு விகிதம் உயர்ந்தது. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு மெலிவு என்றால் பசி; சதை என்றால் சோறு. அந்த நினைவு இன்னும் மறையவில்லை. மறையவேண்டிய காரணமும் வந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நாடளாவிய குடிசன, சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், கொடகவெலப் பட்டினத்துக் கடைவீதியிலும் கொழும்பிலும் சென்னையிலும் எடையைக் குறைப்பதற்காகவே பாடுபடுகின்ற மக்களைக் காண்கிறோம். விடியற்காலையில் நடக்கிறார்கள், சோற்றை விட்டுக் குரக்கனுக்கு மாறுகிறார்கள், தேநீரில் சீனியை நிறுத்துகிறார்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகிவரும் இந்நாளில் இது நல்ல முயற்சியே. எனினும், இங்கேயும் மெலிவைக் கண்டவுடன் ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. “அடேயப்பா, எப்படிக் குறைத்தீர்கள்?” என்று பாராட்டுகிறார்கள். பாராட்டப்பட்டவர் சில வேளைகளில் எதையும் குறைக்க முயன்றவரே அல்லர். மூன்று மாதமாக உணவு தொண்டைக்குள் இறங்காதவர் அவர். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விடியும்வரை கூரையைப் பார்த்திருப்பவர். லயத்தில் இருப்பவள் மெலிந்தால் வறுமை என்கிறோம். பட்டினத்தில் இருப்பவர் மெலிந்தால் சாமர்த்தியம் என்கிறோம். இரண்டு தீர்ப்பும் அவரவர் வாயைத் திறந்து ஏதும் சொல்லுமுன்பே எழுதப்பட்ட தீர்ப்புகள்.

நல்ல வைத்தியர் அவ்வாறு தீர்ப்பளிப்பதில்லை. தானாக உடம்பு மெலிந்துவிட்டது என்று ஒருவர் வந்தால், அவர் பல கதவுகளையும் தட்டிப் பார்க்கிறார். நீரிழிவா? காசநோயா? குடலில் புழுவா? கழுத்திலுள்ள தைரொய்ட் சுரப்பி மிகுதியாக வேலை செய்கிறதா? அச்சுரப்பி மிகைப்பட்டால் உடல் மெலியும், நெஞ்சு படபடக்கும், காரணமின்றி அச்சம் தோன்றும்; குறைப்பட்டாலோ உடல் பருக்கும், சோர்வு கவியும். இவை யாவற்றையும் ஆராய்வதோடு அவர் மனத்தையும் விசாரிக்கிறார். முயற்சி ஏதுமின்றி ஒரே மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கிற்கு மேல் கூடினாலும் குறைந்தாலும், மனச்சோர்வு நோயின் அடையாளங்களுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம் என்பது மருத்துவ நூலோர் வகுத்த முறை. ஐம்பது கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு அது இரண்டரைக் கிலோ. ஆனால், இந்த ஒன்று மட்டும் போதாது. இரண்டு வாரத்துக்குக் குறையாமல், பெரும்பாலும் எல்லா நாளும், உள்ளம் இருண்டு கிடக்கவேண்டும். அல்லது முன்பு மகிழ்வளித்த எதிலும் நாட்டமற்றுப் போயிருக்கவேண்டும். அதனோடு உறக்கம், களைப்பு, கவனம், தன்னைத் தானே குறைகூறுதல் ஆகிய வேறு அடையாளங்களும் சேரவேண்டும்.

உடம்பும் உள்ளமும் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பற்றியுள்ளன என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். இரண்டாவது உலகப் போரின் இறுதிக் காலத்தில், அமெரிக்காவிலுள்ள மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாத இளைஞர் 36 பேர் அதற்குத் தாமாக முன்வந்தனர். உடலும் உள்ளமும் நலமுள்ளவர்கள் என்று சோதித்தே அவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். 1945ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. தம் எடையில் நாலில் ஒரு பங்கை அவர்கள் இழந்தார்கள். அத்தோடு சிரிப்பையும் இழந்தார்கள். எரிச்சலும் சோர்வும் மிகுந்தன, நண்பரை வெறுத்தார்கள், உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமல் சிலர் சமையல் நூல்களைச் சேகரிக்கத் தொடங்கினர். பசி மனநோயை விளைவிக்கும் என்பதும், ‘மன உறுதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்னும் நம் உபதேசம் எவ்வளவு பொருளற்றது என்பதும் அந்த 36 பேரின் வாயிலாக உலகிற்கு விளங்கின. மனம் மெலிந்து உடல் மெலிவதும் உண்டு. உடல் மெலிந்து மனம் மெலிவதும் உண்டு. கண்ணால் மட்டும் பார்த்து எது முந்தியது என்று சொல்ல முடியாது.

தமிழருக்கு இது புதிய செய்தியன்று. நம்முடைய பழைய அகப்பாடல்களைக் கற்றவர்கள், தலைவியின் கைவளை கழலும் காட்சியை எத்தனை முறை கண்டிருப்பார்கள்! உள்ளத்துத் துயரை உடம்பின் எடையால் அளந்து காட்டிய மரபு அது. திருக்குறளில் ‘உறுப்புநலன் அழிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இவற்றைக் காதற்கவிதை என்று சுவைத்துவிட்டுப் போகிறோம். ஆனால், அப்பாடல்களில் மற்றொரு செய்தியும் உண்டு. மகள் மெலிவதைக் கண்ட தாய் என்ன செய்கிறாள்? கட்டுவிச்சியை அழைக்கிறாள். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்க்கிறாள். வேலன் வருகிறான், கழங்கு உருட்டுகிறான், இது முருகன் செயல் என்கிறான். வெறியாட்டு நடக்கிறது, ஆட்டுக்குட்டி பலியாகிறது. மகளோ மெலிந்துகொண்டே போகிறாள். நோய் ஒன்றாக இருக்க, அதற்குச் சூட்டப்பட்ட பெயர் வேறொன்றாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் தோழி வாய் திறக்கிறாள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் அமைப்பு முழுவதும் இதுவே. தலைவியின் நோயைக் கண்டு கலங்கி, ஊராரை வினவியும், தெய்வங்களுக்குப் பூவும் புகையும் இட்டு வேண்டியும் வருந்துகின்ற செவிலித்தாயிடம், உண்மைக் காரணத்தைப் பணிவோடும் துணிவோடும் தோழி எடுத்துரைக்கிறாள். இலக்கண நூலார் இதனை அறத்தொடு நிற்றல் என்பர். உண்மையைச் சொல்வதை ‘அறம்’ என்று அவர்கள் பெயரிட்டது ஆழ்ந்து நோக்கத்தக்கது. மறைப்பது குடும்பத்தின் மானத்தைக் காப்பதாகத் தாய்க்குத் தோன்றலாம். சொல்வதுதான் மகளின் உயிரைக் காப்பது என்பது தோழிக்குத் தெரியும்.

குறிஞ்சி நிலத்துக் கதை குறிஞ்சி நிலத்தில் இன்றும் நடக்கிறது. பிள்ளை பெற்று இரண்டு மாதமான ஓர் இளந்தாயை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளை நிறுக்கும் நாளன்று அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறாள். கூடவே மாமியாரும் வருகிறார். குழந்தையைத் தராசில் இட்டு நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்து, கோடு மேலே போகிறதா, கீழே போகிறதா என்று எல்லாரும் பார்க்கிறார்கள். தாயின் எடையை யாரும் பார்ப்பதில்லை.

“மிஸி, பிள்ள எடை ஏறியிருக்கா?” என்று மாமியார் கேட்கிறார்.

“பிள்ள ஏறியிருக்கு ஆத்தா, தாய்தான் எறங்கிப் போயிருக்கா. தங்கச்சி, ராவைக்குத் தூக்கம் வருதா?”

“பால் குடுக்கிறவ மெலியத்தானே செய்வா, மிஸி? அவளுக்குச் சும்மா ஒரே யோசனை” என்று மாமியார் முந்திக்கொள்கிறார். அந்தப் பெண் தலை நிமிரவில்லை.

‘யோசனை’ என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் நம்முடைய மக்கள் எத்தனை நோய்களை மூடி வைத்திருக்கிறார்கள்! அடுத்த கிழமை, அவளைக் கோடாங்கியிடம் அழைத்துச் செல்வார்கள். றப்பர் மலையில் அந்தி நேரத்தில் நடந்து வந்தபோது ஏதோ பட்டுவிட்டது என்று அவர் சொல்வார். கையில் நூல் ஏறும். கழுத்தில் தாயத்து ஏறும். தெய்வத்தை நம்புவதை நான் குறைகூறவில்லை. பிரார்த்தனையில் ஆறுதல் பெறாத மக்கள் யார்? ஆனால், நூல் கட்டிய கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போகலாம் அல்லவா? இரண்டுக்கும் பகை இல்லை. நாள் கடப்பதுதான் பகை.

மேற்சொன்ன இளந்தாயின் நோயைக் கண்டறிவது பெரிய வித்தை அன்று. 1987ஆம் ஆண்டில், பிரித்தானியாவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் பத்தே பத்து வினாக்கள் கொண்ட ஓர் அளவையை வெளியிட்டார்கள். எடின்பரோ அளவை என்று அதனை வழங்குவர். சென்ற ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி அச்சம் வந்ததா, அழுகை வந்ததா, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பன போன்ற எளிய வினாக்கள் அவை. சிங்களத்திலும் தமிழிலும் அவை மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. கேட்பதற்குச் சில நிமிடம் போதும். பசி, உறக்கம் ஆகியவற்றின் மாற்றத்தை மட்டும் பார்த்தால் பிள்ளை பெற்ற எந்தத் தாயும் நோயாளியாகத் தோன்றக்கூடும் என்பதனால், உடலைப் பற்றிய கேள்விகளைப் பெரும்பாலும் விலக்கி, உள்ளத்தையே அது விசாரிக்கிறது. தராசு சொல்லாததைச் சொல்லும் தராசு என்று அதனைக் கருதலாம்.

அவ்வாறு விசாரித்து, வைத்தியர் ஒரு பெயரைச் சொல்கிறார்: மனச்சோர்வு, பதகளிப்பு, மனச்சிதைவு என்று ஏதோ ஒன்று. அப்பொழுதுதான் வீட்டில் இடி விழுகிறது. நீரிழிவு என்று சொல்லியிருந்தால் மருந்துக் குறிப்பை வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். இந்தப் பெயரைக் கேட்டதும் அட்டையைக் கிழித்து வீதியோரம் எறிந்துவிட்டு வருகிறார்கள். ஏன்?

நாம் பேசும் முறையிலேயே விடை இருக்கிறது. ‘அவனுக்குக் காய்ச்சல்’ என்கிறோம். ‘அவளுக்குச் சீனி வருத்தம்’ என்கிறோம். இங்கே நோய் வேறு, ஆள் வேறு. நான்காம் வேற்றுமை உருபு இரண்டுக்கும் நடுவே நின்று ஆளைக் காப்பாற்றுகிறது. மனத்தில் நோய் என்றால் மட்டும் ‘அவன் ஒரு பைத்தியம்’ என்கிறோம். உருபு போய்விட்டது; ஆளே நோயாகிவிட்டான். அதோடும் விடுவதில்லை. வீட்டை உடையவன் வீட்டுக்காரன், கடையை உடையவன் கடைக்காரன் என்பதுபோலப் பைத்தியக்காரன் என்று வாழ்நாள் பட்டமே சூட்டிவிடுகிறோம். காய்ச்சற்காரன் என்று எவரையாவது அழைத்தது உண்டா?

இத்தனைக்கும் அந்தச் சொல் பிறந்த இடம் வேறு. பித்தம் என்பதன் வழியாக வந்ததே பைத்தியம். வாதம், பித்தம், சிலேட்டுமம் என்று உடலை வகுத்த பழைய வைத்தியர்கள், மனக்கலக்கத்தையும் உடம்பில் ஏற்பட்ட ஓர் ஏற்றத்தாழ்வாகவே எண்ணினார்கள். கிரேக்கரும் அவ்வாறே மனச்சோர்வுக்குக் கரும்பித்தம் எனப் பொருள்படும் பெயரையே இட்டார்கள். அவர்களுடைய விளக்கம் இன்று நிலைக்கவில்லை. ஆயினும், அந்நோயை மற்ற நோய்களோடு ஒரே வரிசையில் வைத்த அவர்களுடைய மனப்பான்மை நம்முடையதைவிட நேர்மையானது. நோயின் பெயராகப் பிறந்ததை வசையாக மாற்றியவர்கள் பின்வந்த நாம்தாம்.

சொல்லுக்கு நேர்ந்தது இடத்துக்கும் நேர்ந்தது. கொழும்புக்கு அருகே அங்கொடை என்னும் ஊரில் 1920களில் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. அன்றுமுதல் அந்த ஊரின் பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டது. சிறுவர் சண்டையிலும்கூட ‘உன்னை அங்கொடைக்கு அனுப்பவேண்டும்’ என்பது வழக்கமாயிற்று. சென்னையிலே கீழ்ப்பாக்கத்துக்கும் இதே கதி. 1794ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய பழமையான மருத்துவமனை அது. எத்தனையோ குடும்பங்களுக்கு அங்கே மீண்டும் விளக்கு எரிந்தது. இருந்தாலும் திரைப்பட நகைச்சுவைக்குத்தான் அந்தப் பெயர் பயன்பட்டது. அங்கொடை ஆஸ்பத்திரி 2008ஆம் ஆண்டில் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் பெற்றது. பலகை மாறிவிட்டது, நம் வாய் இன்னும் மாறவில்லை.

பெயரை மாற்றுவதால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். மனச்சிதைவு நோய்க்கு அவர்கள் வழங்கிய பழைய பெயர், ‘மனம் பிளவுண்ட நோய்’ என்று பொருள்படுவது. வைத்தியர்களே அதனை நோயாளியிடம் சொல்லக் கூசினார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்றே கூடுதலானவர்களுக்கு மட்டுமே தம் நோயின் பெயர் சொல்லப்பட்டு வந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் ஒன்றுகூடி முறையிட்டதன் பயனாக, 2002ஆம் ஆண்டில் அந்நாட்டு மனநல வைத்தியர் சங்கம் அப்பெயரை நீக்கி, மனத்தின் ஒருங்கிணைப்புக் குலைந்த நிலை என்று பொருள்தரும் புதிய பெயரை ஏற்றது. சில ஆண்டுகளுக்குள்ளேயே தம் நோயின் பெயரை அறிந்தவர்களின் தொகை மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. சொல்லக்கூடிய பெயர் கிடைத்தபோது வைத்தியருக்கு வாய் வந்தது; தன் நோய் இன்னதென்று நோயாளிக்குத் தெரிந்தது.

இவ்வளவும் கேட்ட ஒரு தாய் என்னிடம் இரண்டு ஐயங்களை எழுப்பக்கூடும். ‘பெயர் வெளியே தெரிந்தால் என் மகளை யார் கட்டுவார்கள்?’ என்பது முதலாவது. இந்தக் கவலையை நான் அற்பமாக எண்ணவில்லை. லயத்துச் சுவர் மெல்லியது. இந்த அறையில் பேசியது அடுத்த அறையில் கேட்கும். நோயின் பெயரை ஊருக்கெல்லாம் பறைசாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நோயாளியும் வீட்டாரும் வைத்தியரும் அறிந்தால் போதும். அவர்களுக்கே தெரியாமல் மூடி வைக்கும்போதுதான் நோய் முற்றி, ஊரே காணும்படி வெளிப்படுகிறது.

இரண்டாவது ஐயம் இன்னும் கூர்மையானது. ‘கடனும், குடியும், போதாத சம்பளமும், ஒழுகும் கூரையும் தந்த துயரத்துக்கு நோய் என்று பெயர் வைத்தால், குற்றம் என் தலையிலா விழும்?’ இதில் உண்மை இருக்கிறது. எல்லாத் துயரமும் நோய் அன்று. பசித்தவனுக்குச் சோறு வேண்டும். அடிபடும் மனைவிக்குப் பாதுகாப்பு வேண்டும். மாத்திரை அவற்றின் இடத்தை நிரப்பாது. சிறு சலிப்புக்கெல்லாம் ‘எனக்கு டிப்ரெஷன்’ என்று சொல்லிக்கொள்ளும் பட்டினத்து இளைஞர் வழக்கமும், உண்மையில் துன்புறுவோரின் வார்த்தையை மலிவாக்கிவிடுகிறது. ஆனால், கூரை ஒழுகுவதால் ஒருத்திக்கு நெஞ்சுச்சளி வந்தால், கூரையையும் வேய்வோம், சளிக்கும் மருந்து கொடுப்போம். மனத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? வைத்தியர் சொல்லும் பெயர் ஒரு நாளில் எடுக்கப்பட்ட நிறுவை போன்றது. இன்று இவ்வளவு என்று அது சொல்கிறது. என்றைக்கும் இவ்வளவே என்று சொல்வதில்லை. கொழுந்துக் கூடையை நிறுத்தபின், அந்த எடையே அந்தப் பெண் என்று யாரும் கருதுவதில்லை அல்லவா?

எடைக்கும் மனநோய்க்கும் உள்ள இன்னொரு தொடர்பையும் சொல்லவேண்டும். 1952ஆம் ஆண்டில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்ததன் பின், கடுமையான மனநோயாளரின் வாழ்வு பெரிதும் மாறிற்று. பிறகு வேறு பல மருந்துகளும் வந்தன. அவற்றுள் சில, குறிப்பாக ஒலன்சபின், குளோசபின் போன்றவை, பசியைத் தூண்டி உடலைப் பருக்கச் செய்கின்றன, சர்க்கரையையும் கூட்டக்கூடும். நோய் தணிந்து வீடு திரும்பிய இளைஞனைப் பார்த்து, அவன் தெளிவாகப் பேசுவதை விட்டுவிட்டு, ‘மருந்து ஊதிவிட்டது பார்!’ என்று அயலார் சிரிக்கிறார்கள். அவன் வெட்கமுற்று, யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறான். சில மாதத்தில் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. ஒரு கேலிச் சொல் செய்யும் வேலை இது. செய்யவேண்டியது வேறு. எடை கூடுவதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். அவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், சர்க்கரையைப் பரிசோதிக்கலாம், உணவும் நடையும் இன்னவாறு என்று சொல்லலாம். தானாக நிறுத்துவது மட்டும் கூடாது.

நம் நாடு இந்தத் துறையில் பெரிய துன்பத்தைக் கண்ட நாடு. 1995ஆம் ஆண்டளவில், உயிரை மாய்த்துக்கொள்வோரின் விகிதம் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கடும் நஞ்சுள்ள பயிர்மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டதன் பயனாக, அது பின்னர் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாகக் கொண்ட சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. நஞ்சு எட்டாத இடத்துக்குப் போனதால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். அவர்களுடைய உள்ளத்தில் இருந்த துயரம் அத்தோடு போய்விடவில்லை. சட்டம் செய்யக்கூடியதைச் செய்துவிட்டது. மிகுதி, வீட்டுக்குள்ளே நடக்கவேண்டிய பேச்சு.

அந்தப் பேச்சு எப்படித் தொடங்குவது? ‘மெலிந்துவிட்டாயே’ என்று வழக்கம்போலவே தொடங்கலாம், அதில் தவறில்லை. அதற்கடுத்த கேள்வியைக் கேட்பதுதான் முக்கியம். ‘தூக்கம் வருகிறதா? சாப்பாடு ருசிக்கிறதா? மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்கவேண்டும். தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ, மருத்துவிச்சியிடமோ, அண்மையிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியிலோ முதலில் சொல்லலாம். நோயாளிக்குச் சிங்களம் நன்றாகத் தெரிந்திருக்கலாம். என்றாலும், துயரத்தைச் சொல்லத் தாய்மொழிதான் வரும். ஆகவே உடன் செல்பவர் அவளுக்காகப் பேசாமல், அவள் பேசுவதை மொழிபெயர்க்க மட்டும் செல்லவேண்டும். பயணம் செய்ய இயலாதவர்களுக்கு, 1926 என்னும் இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை இருக்கிறது.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி உண்ணும் அளவைப் பற்றியதே என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோய் இன்னதென்று அறிவதை மருத்துவத்தின் முதற்படியாக வைத்ததும் அந்த அதிகாரமே. அதனை முடிக்குமிடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகில் இருந்து மருந்தைக் கொடுப்பவன். முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான்காமவர் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் பயன்படுவதில்லை. கொடகவெல லயத்து மாமியாரும், அடுத்த அறை அக்காவும், வானொலிக்கு அருகே அமர்ந்து இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களும் அந்த நான்காமவரே.